சமையலறைக் கதவில் ஒரு சர்வீஸ் கார்டு

மார்ச் 3
ஐம்பத்தொன்று முடிந்தது. அப்பா ஐம்பத்திரண்டில் போனவர். இதை விடிந்ததும் நினைவுபடுத்திவிட்டு, பிறந்தநாள் பரிசு என்று ஒரு பிரஷர் மெஷினை நீட்டுகிறாள் மனைவி. சட்டை கிடைக்கும் என்று இருந்தேன்.

மார்ச் 4
150/95. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உப்பைக் குறைத்து நடந்தால் மூன்று மாதத்தில் பார்க்கலாம் என்றார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். "அப்ப படியில ஏறுங்க!" சிரிப்பு வேறு. இருபத்தைந்து வருஷமாக ஊரைப் படியேற விடாமல் காப்பாற்றுகிறவன் நான். பிழைப்பில் மண்ணைப் போடும் வைத்தியம்.

மார்ச் 6
லிஃப்டுக்கு லிஃப்ட் ஒரு சர்வீஸ் கார்டு தொங்கும். புகார் இல்லாவிட்டாலும் மாதாமாதம் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் பையிலிருந்து ஒரு வெற்றுக் கார்டை உருவிச் சமையலறைக் கதவில் மாட்டிவிட்டாள் மனைவி. அதில் கயிறு என்ற கட்டம் இனி என் நடைக்காம். எண்ணெய், சாப்பாட்டில் ஊற்றுவதற்கு. பிரேக்? "அது உங்க வாய். இதுவரைக்கும் வேலை செஞ்சதே இல்ல."

மார்ச் 11
லிஃப்டில் ஏறி, ஏழு மாடி படியில் இறங்கினேன். கார்டில் "ஏழு" என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லையே?

மார்ச் 12
"ஏறினீங்களா, இறங்கினீங்களா?" மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 20
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அந்தக் குப்பைதான் மூன்று வேளையும்.

ஏப்ரல் 2
ஒரு வாரமாக நிஜமாகவே ஏறுகிறேன். வீட்டுக்கும் படியில்தான் வந்தேன். வந்த கையோடு பார்த்தால் 158/98. ஏறினால் ஏறுமா? மெஷின்தான் கோளாறு. மீட்டர் மேல் சந்தேகம் வந்தால், கோளாறே இல்லாத இடத்தில் வைத்துப் பார் — தொழில் பாடம். வீட்டில் கோளாறே இல்லாதது யார்? தும்மல்கூட வராத என் மனைவி. பட்டையை அவள் கையில் கட்டினேன். 182/112! "பாத்தியா, உன் மெஷின் டப்பா!" எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஏப்ரல் 3
மெடிக்கல் கடையில் மெஷினைக் கொண்டுபோய் வைத்து, படியேறி வந்ததும் 158, அடுத்து 182 காட்டியது என்று புகார் சொன்னேன். கடைக்காரர் தன் கையில் கட்டினார்: 122/80. என்னை உட்காரவைத்துக் கட்டினார்: 144/92. "படியேறின மூச்சோட பாத்திருப்பீங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்த 182 யாரோடது?"
வாயில் பிரேக் முதல் முறையாகப் பிடித்தது.

அதே நாள், மாலை
டாக்டர்கிட்ட வரமாட்டேங்கறா. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?" நல்லா ஓடுற லிஃப்டத்தான்டி திறந்து பாக்கணும்னு கத்திட்டேன். இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கா. ஒரு நாளாவது அவளப் பாக்கணும்னு தோணுச்சா எனக்கு? நேத்துகூட மெஷினத்தானே சோதிச்சேன்! பயமா இருக்கு.

ஏப்ரல் 4
உப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கிளம்பும்வரை ஒவ்வொரு ஸ்பூனாக உள்ளே போகும் என்றேன். முதல் ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் செருப்பு மாட்டிவிட்டாள்.

ஏப்ரல் 6
அவளுக்கு மாத்திரை, தினமும். இதயம், சிறுநீரகம், கண் எதுவும் இன்னும் கெடவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியாது," என்றார் டாக்டர். வெளியே வந்ததும் எனக்கு அழுகை. "பிரஷர் எனக்கு, அழறது நீங்களா?"

ஜூன் 4
கதவில் இப்போது இரண்டு கார்டு. எனக்கு 134/86, அவளுக்கு 136/84. சேர்ந்து நான்கு மாடி ஏறினோம். மூன்றாவதில் நின்றது அவளுக்காக என்றேன் நான். "உங்களுக்காகத்தான்" என்கிறாள் அவள். அவள் கார்டில் நான் கையெழுத்துப் போட்டேன், என் கார்டில் அவள். பிரேக் கட்டத்தில் மட்டும் "இன்னும் சரியில்லை" என்று எழுதியிருக்கிறாள்.
ஒரு கார்டில் பன்னிரண்டு மாதம்தான் எழுத முடியும். அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது எப்படிங்க போதும்? இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றாள். எத்தனை என்று கேட்டேன். "ஆளுக்கு முப்பது."
நாளைக்கு ஆபீசில் ஒரு கட்டாகவே கேட்க வேண்டும்.