புத்து

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். எங்க பண்டமாரான் வீட்டுல குழாய்த் தண்ணி இல்ல. நான் பேசுறேன், போன் எழுதிக்குது. அது எழுதுறதைப் படிக்க எனக்கு வராது. நல்லதாப் போச்சு.

மக கமலா சுபாங் ஜெயாவிலேர்ந்து வந்தா. தீபாவளிக்கே வராதவ. கையில ஆப்பிள், மொட்டைத் தலையில துணி. இடது மார்ல கேன்சராம், எடுத்தாச்சாம். இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

"சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"வந்து?"



ரத்தத்துல ஜீன் பார்த்தாங்களாம். ஒரு எழுத்து மாறிக் கிடக்குதாம். கெட்டதா, சும்மாவா, டாக்டருக்கே தெரியலயாம். வெள்ளைக்காரன் ரத்தம்தான் நிறைய பார்த்து வச்சிருக்காங்களாம், நம்ம ஆளுங்களோடது கொஞ்சமாம். நம்ம ரத்தம் குடிச்ச தோட்டத்து அட்டையைக் கேட்டா சொல்லியிருக்குமே.

வலதையும் எடுக்கணுமா, விடலாமா. அதான் இப்ப கேள்வி. குடும்பத்துல யார் யார் எதனால செத்தாங்கன்னு டாக்டர் கேட்டிருக்காங்க.

"அத்தையைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன்."

"எந்தப் பாம்பு?"

"நீங்கதானே சொல்வீங்க, புத்துல போய்ட்டாங்கன்னு."

சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியல. அவ எழுந்து போய்ட்டா. ஆப்பிளையும் எடுத்துக்கிட்டா.

ஜூன் 4, புதன்
மழை. முட்டி வலி.

பந்திங் தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரசர் எங்கப்பாகிட்ட சொன்னது அப்படியே காதுல இருக்கு. "உன் மகளுக்கு மார்ல புத்து." புத்துநோயைச் சொன்னார். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சது பாம்புப் புத்து ஒண்ணுதான். நாகதோஷம்னுட்டார். பிள்ளைங்களை விட்டுட்டு வேலைக்குப் போற ஆயக்கொட்டகைக்குப் பின்னால இருந்த புத்துக்குப் பால், முட்டை. என் தங்கச்சி, கமலாவோட அத்தை, பாயில நாறிக் கிடந்தா. பால் பாம்புக்கு. அவ செத்த பிறகும் வருஷா வருஷம். கமலா சின்னதுல முட்டை தூக்கிட்டு வருவா. இந்தப் பாம்பா அத்தையைக் கடிச்சதுன்னு கேப்பா. தலையாட்டி வைப்பேன். பிள்ளைகிட்ட மார்ப் புண்ணையா விளக்குறது?

போன் போட்டேன்.

"பாம்பு இல்ல. உனக்கு வந்ததேதான்."

"அப்ப அத்தைக்கு என்ன வயசு?"

"உன்னைவிடச் சின்னவ."



"அந்த ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வாங்க."

ஜூன் 9, திங்கள்
வெயில். ரத்தம் குடுத்தாச்சு. மருமகன்தான் கார்ல கூட்டிட்டுப் போனார். சீட்டுல பிளாஸ்டிக் விரிச்சிருந்தார். எனக்காகவே.

நர்ஸ் பொண்ணுகிட்ட, ஆம்பளைக்கு எதுக்கும்மா இந்த டெஸ்ட்டுன்னேன்.

"அப்பா வழியாவும் வரும் லா அங்கிள்."

திரும்பி வரும்போது ஆப்பம் வாங்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்.

ஜூலை 14, திங்கள்
அதே எழுத்து. என்கிட்டயும்.

டாக்டரம்மா மெதுவாத்தான் சொன்னாங்க. "அத்தை கதையையும் சேர்த்துப் பார்த்தா சந்தேகம் கொஞ்சம் கூடுது. ஆனா இதுதான் காரணம்னு இன்னும் சொல்ல முடியாது. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

கமலா அவங்களைப் பார்க்கல. என்னையே பார்த்தா.

"கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி தங்கம் போடலயேப்பா. இதை மட்டும் மறக்காம குடுத்திருக்கீங்க."

மருமகன் சிரிச்சார். நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

ஜூலை 17, வியாழன்
மேகமூட்டம். கஞ்சி மட்டும்.

கமலா போன்.

"வலதையும் எடுக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு."

"நான் வரவா?"

"எதுக்குப்பா? பால் ஊத்தவா?"