சினைமீனுக்குத் திறந்த கதவு

ஆடி 17, 2079. காலை 6.10
வெள்ளோடை ஆறு, மீன்காவல் நிலையம். காவலர் வேம்பாயி, தனியாள். நீர்ச்சூடு முப்பது. ஆனைக்கெண்டைக்கு இருபத்தெட்டைத் தாண்டினாலே மூச்சு முட்டும். இஞ்சி போட மலைக்காட்டை வழித்த பிறகு ஆற்றுக்கு நிழலே கிடையாது. மிச்சம் ஒன்பது மீன். ஒன்று சினை. மீன் ஏறிப்போகக் கட்டிய மீன்படியில் ஏறினால் பக்கத்து ஓடையில் குளிர்ந்த மடு, அங்கேதான் முட்டையிடும். ஏறமாட்டேன் என்கின்றன.

காலை 9.40
காரணம் தெரிந்தது. ஆடிப்பெருக்குக்கு முந்தியே படித்துறையில் கூட்டம் பொரி வீசுகிறது. உட்கார்ந்து தின்கிற மீன் எங்கே ஏறும்? ஒலிபெருக்கியில் கத்தினேன். அங்கிருந்த மைக்கில் ஒருவர்: “சாமி மீனைப் பட்டினி போடச் சொல்றீங்களா? உங்க வூட்டு மீனாங்க?”
ஆமாம், என் வீட்டு மீன்தான்.

பிற்பகல் 2.00
அணையில் வேலை பார்க்கும் பொன்னரசு அழைத்தான்: “பெரியம்மா, ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு பெருக்குத் தண்ணிய இன்னிக்கே தொறக்கறாங்க. நாலு மணிக்கு.”
“சேறால்ல வரும்?”
“இஞ்சிக்காட்டு மண்ணு பூரா அணையிலதான் கெடக்குது. நான் என்னத்தப் பண்ணட்டும்?”
சேறு செவுளை அடைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

3.15
பொரி மூட்டையோடு ஆற்றில் இறங்கினேன். படித்துறையில் அவர்கள் செய்கிறபடியே தண்ணீரைத் தட்டித் தட்டி வீசிக்கொண்டு மீன்படிக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தன. எட்டு ஏறிவிட்டன! என்னைப்போல் மீன் மேய்த்தவள் இந்த மலையில் உண்டா?
சினைமீன் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வயிறு கனத்து மெல்ல வருகிறாள்.

3.40, குரல் பதிவு
பொன்னரசு: “பெரியம்மா, முன்னாடியே தொறந்துட்டாங்க! கரையேறி மேல ஓடுங்க! சொன்னா கேளுங்க!”
கலங்கல் வந்துவிட்டது. சேறு மடுவுக்குப் போகாமலிருக்க, தண்ணீர் கலங்கினால் கருவி தானே மீன்படிக் கதவைச் சாத்தும். கல்லை முட்டுக்கொடுத்தேன். கதவு அதை நொறுக்கிவிட்டது. இப்போது என் தோள்.
வா தாயி. இன்னும் நாலு முழம். எனக்கும் இடுப்புவரை ஏறிவிட்டது… பொன்னரசு, நீ கத்தாதேடா, அவள் மிரளுவாள்… வந்துட்டா. கால்ல உரசுறா. அப்படியே, அப்படியே…

3.52, தானியங்கிப் பதிவு
மேலேறிய மீன்: ஒன்று. இன்று மொத்தம்: ஒன்பது.
கதவு முழுமையாக மூடவில்லை. இடையில் தடை.
காவலர் உடனே வந்து தடையை அகற்றவும்.