மணியடித்த பிறகு வருகிறவன்

அக்டோபர் 3, செவ்வாய்

ஜரெல் ஈஸ்லி இன்றும் தாமதம். வினாத்தாள்களை வாங்கி அடுக்கிய பிறகுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முதல் பீரியடு கணக்கு; மணியடித்ததும் பத்து நிமிடம் சிறுதேர்வு. தவறவிட்டால் பூஜ்யம், மறுவாய்ப்பு கிடையாது. வருடக்கணக்காக இதுதான் என் சட்டம். இதற்காகவே மிஸ் டாலிவர் வகுப்பு வேண்டும் என்று கேட்கிற பெற்றோர் உண்டு.

"ஏண்டா, ரெண்டு பஸ் மாறி வர்றவங்கள்லாம் வந்து உக்காந்தாச்சு. பின்னாடி தெருவுல இருக்கற உனக்கு மணி கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது மேம். எங்க சமையலறை வரைக்கும் கேக்கும்."

வகுப்பே சிரித்தது. வாய்க்கொழுப்பு. ஆனால் நான் பலகை முழுக்க எழுதிய கணக்கை இரண்டு வரியில் முடித்துக் காட்டினான். பள்ளியைச் சுற்றி எல்லாத் தெருவிலும் எங்கள் கறுப்பின ஜனங்கள்தான். அந்தத் தெருக்களிலிருந்து நுழைவுத் தேர்வில் தேறி, ஊர் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கிற இந்த மாக்னெட் பள்ளிக்குள் வந்த பத்தாம் வகுப்புப் பையன் இவன் ஒருவன்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

முதல் பருவ மதிப்பெண் போட்டாயிற்று. ஜரெலுக்கு மற்ற பாடங்களெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கணக்கு ஒன்றுதான் சராசரியை எண்பதுக்குக் கீழே இழுத்துவிட்டது. அடுத்த பருவமும் எண்பதைத் தொடாவிட்டால் இடம் போய்விடும். தேர்வில்லாமல் சேர்க்கிற தன் பகுதிப் பள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

படிக்க வந்தவனுக்கு அக்கறை வேண்டாமா?

நவம்பர் 9, வியாழன்

புதிய பெற்றோருக்கான கூட்டம். முதல்வர் க்ரெய்டன் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார் — என் நிறத்தைக் காட்டத்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன. திரையில் முதல் படம், எந்தெந்த நிறப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று. அடுத்த படம், மாநிலத் தேர்வில் கிட்டத்தட்ட எல்லோரும் தேர்ச்சி. கைதட்டல்.

எத்தனையோ வருடமாகப் பார்க்கிற படங்கள், இன்றுதான் உறைத்தது. நிறத்தைக் காட்ட ஒன்பதாம் வகுப்பின் எண்ணிக்கை. மதிப்பெண்ணைக் காட்ட பதினொன்றாம் வகுப்பின் எண்ணிக்கை. நடுவில், பிள்ளைகளை வடிகட்டுகிற இடம் பத்தாம் வகுப்பு. அதை நடத்துவது நான்.

நவம்பர் 14, செவ்வாய்

வண்டி பழுது. நானே இன்று தாமதம். ஆரம்பப் பள்ளி வாசலில் ஜரெல். அவன் கையைப் பிடித்தபடி ஆறு வயதுத் தங்கை நைலா. எங்கள் மணிக்குப் பிறகுதான் திறக்கிற அந்தக் கதவுக்காகக் குளிரில் நிற்கிறார்கள். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவள் வீடு வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாகும்.

"இதை ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சாக்குப்போக்கு சொல்றவங்க என் வகுப்புக்கு வேண்டாம்னு முதல் நாளே சொன்னீங்களே மேம்."

சொன்னேன்தான். எப்போதும் சொல்வேன்.

நவம்பர் 15, புதன்

இன்று முதல் சிறுதேர்வு கடைசிப் பத்து நிமிடத்தில். ஜரெல் பத்துக்குப் பத்து. இவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை நாள்?

ஜனவரி 19, வெள்ளி

இரண்டாம் பருவம் — எண்பதுக்கு அரை மதிப்பெண் குறைவு. பருவத் தொடக்கத்தில் நான் போட்ட பூஜ்யங்கள். அவற்றை நீக்குகிறேன் என்று க்ரெய்டனிடம் போய் நின்றேன்.

"ஒருத்தனுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும், வெர்நீட்டா. உங்க சட்டம்தானே அது?" என்று என் பெயர் சொல்லிச் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய.

அவனை நீக்குவது பற்றி புதன்கிழமை அவன் அம்மாவோடு கூட்டம். அங்கே ஆசிரியர் பேசலாம், மேல்முறையீடும் கேட்கலாம். பேசுவேன்.

ஜனவரி 23, செவ்வாய்

நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல அவன் அம்மாவை அழைத்தபடியே இருக்கிறேன். பகலில் தூங்குகிறாள் போல, எடுக்கவில்லை. ஜரெலிடம் சொல்லி அனுப்பலாமென்றால் இன்று பள்ளிக்கே வரவில்லை. வீட்டுக்கே போயிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 24, புதன்

முடிந்துவிட்டது.

கூட்டம் முதல் பீரியடில். என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்புவதாகச் சொன்ன ஆள் நேரத்துக்கு வரவில்லை. பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்பது விதி — அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டாமா நான்? உட்கார்ந்திருந்தேன். ஆள் வந்து, நான் மாடி இறங்கி ஓடியபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தாள் அவன் அம்மா ரொமெய்ன் ஈஸ்லி. வேலைச் சீருடைமேல் கோட்டு. கண்ணெல்லாம் தூக்கம்.

"நாமளா விலகறோம்னு எழுதிக் குடுத்துட்டா நீக்கினதா பதிவாகாதாம் மிஸ். காலேஜுக்கு நல்லதுன்னாங்க."

பள்ளி ஆலோசகர் ஹாலோரன் தலையாட்டினாள். தானாக விலகினால் மேல்முறையீடு கிடையாது என்பதை அந்த அறையில் யாரும் ரொமெய்னிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். கையெழுத்து ஆகிவிட்டதே என்றாள் ஹாலோரன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜரெல் என்னைப் பார்த்தான். "லேட்டா வந்தா மறுவாய்ப்பு கிடையாது மேம்."

அவன் அம்மா அவன் தோளில் ஒன்று வைத்தாள். மரியாதையாப் பேசுடா என்று.

எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. எழுத முடியவில்லை.

ஜனவரி 25, வியாழன்

இன்று எல்லோரும் மணியடிக்கும் முன்பே வந்துவிட்டார்கள்.

மே 21, செவ்வாய்

மாநிலத் தேர்வு முடிவு. பதினொன்றாம் வகுப்பு நூறு சதவீதம். ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். "உங்க கண்டிப்புதான் காரணம். அடுத்த வருஷ செட்டும் இப்பவே தயார்" என்று க்ரெய்டன் என் கையைக் குலுக்கினார். ஜரெலோடு ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு கறுப்பினப் பிள்ளைகளாகச் சேர்ந்த செட் அது. இப்போது பத்தொன்பது. கேக்கைச் சாப்பிட்டேன்.

ஜூன் 1, சனி

கடையில் கோழி வாங்குகிற வரிசையில் ரொமெய்ன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவளே ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மிஸ் டாலிவர்! அவன் இப்ப வகுப்புலயே முதல். கணக்குல நூத்துக்கு நூறு!"

"என்ன கணக்கு நடத்தறாங்க அங்க?"

"எட்டாவதுல முடிச்சானே, அதேதான். அதுக்கு மேல நடத்த வாத்தியார் இல்லையாம்." கோழிப் பொட்டலத்தைக் கூடையில் போட்டாள். "லேட்டாப் போனாலும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. நைலாவை நிம்மதியா விட்டுட்டுப் போறான். ஒரே ஒரு குறைதான் மிஸ். இப்பல்லாம் அவளை விட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து படுத்துக்கறான். தெரிஞ்சதைக் கேக்க எதுக்குப் போகணுங்கறான். நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

சொல்கிறேன் என்று எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?