தெரிந்த சத்தம்தான் என்றாயே

என் அருள் அண்ணாவுக்கு,

அந்தச் சத்தம் உனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதன் கீழேயே போய் நின்றாய்.

இந்தக் குற்றத்தை உன்மேல் வேறு யாரும் சுமத்தவில்லை. கம்பெனி சொல்வது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம் வந்தது.

நீ போனதிலிருந்து அது நம் சந்தில் தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடந்தது. இரண்டு பக்கமும் பெட்டி மாட்டும் கம்பிகளோடு, தொலைதூரம் போவதற்கென்றே செய்த வண்டி. உன் கைக்கு வந்தபோதே அதற்குப் பதினெட்டு வயது. தனுஷ்கோடி வரை என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னாய். கூட்டிப்போனது இந்தப் பக்கம் பழவேற்காடு வரைதான். விற்றுவிடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பேட்டரி மாற்றிக் கிளப்பினேன். இப்போது அதில்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு வேலைக்குப் போகிறேன். சிக்னலில் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நீ பார்க்க வேண்டும்.

அதன் சத்தங்களுக்கு நீ பேர் வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் தலையில் டிக்டிக்கென்று அடிப்பது தையல் மெஷின். பக்கவாட்டில் சலசலவென்று ஓயாமல் பேசும் டைமிங் செயின், கணக்கு டீச்சர். மூன்றாவதாக ஒன்று இருந்தது. நாற்பதைத் தாண்டினால் கீழேயிருந்து கொர்ரென்று ஓர் அரைப்பு. அதை உன்னிடம் கேட்டதே நான்தான்.

"ண்ணா, கீய இன்னாவோ அரைக்குது."

"டீச்சர்தாம்மே அது. ரோட்டுக்கு வந்தா கொஞ்சம் கொரல ஒசத்துவாங்க."

"டீச்சர் சைடுலதான குந்திகினு இருப்பாங்க?"

"தெர்ஞ்ச சத்தம்மே. பேர் வெச்சாச்சுல்ல, இனிமே அது நம்ப வூட்டு ஆளு. பேஜார் பண்ணாத, ஏறு."

நான் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

போன மாதம் அந்த அரைப்பு அதிகமானது. கால் வைக்கும் கட்டையில் அதிர்வு ஏறிவந்தது. முதலில் வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் முறுக்கிப் பார்த்தேன். தையல் மெஷின் கேட்டது, டீச்சர் கேட்டாள். அரைப்பு இல்லை. நின்றால் இல்லை, ஓடினால் உண்டு. அப்படியென்றால் எஞ்சினில் தேடிப் பயனில்லை. ஓட்டிக்கொண்டே கேட்கலாம் என்றால், நம் ரோட்டில் எதைக் கேட்பது? முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரி. நம் ஆட்களின் வண்டி எதுவும் தன் குரலைத் தானே கேட்டதில்லை.

அதனால் லாரி குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் போனேன். உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் சும்மா உருளவிட்டேன். தையல் மெஷின் நின்றது. டீச்சர் வாயை மூடினாள். அப்போது கேட்டது அண்ணா, தெளிவாக. கொர்ர்ர். எஞ்சினே ஓடாதபோது டைமிங் செயின் எப்படிப் பேசும்? இடப்பக்கம் சாய்த்தேன், அடங்கியது. வலப்பக்கம் சாய்த்தேன், உறுமியது. ஒரு சரிவு போதும், பெட்ரோல்கூட வேண்டாம். இதை நீ ஒருமுறைகூடச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து நடு ஸ்டாண்டில் ஏற்றி, உன் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உன் பொருள்களோடு பாலிதீன் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களே, அதேதான். முனையைப் பின்சக்கர அச்சின் ஓரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். சல்லடையில் மணல் ஆட்டுவது போல் என் மண்டைக்குள் கேட்டது.

தண்டையார்பேட்டை மெக்கானிக் பாஷா பாய் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து குண்டுகள் உதிர்ந்தன, துருப்பொடியோடு.

"இத்த பேரிங்னு சொல்லாதம்மா, பேரிங் கோச்சிக்கும்" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உங்கண்ணன் காதுக்கு இது தப்பாதே. எப்டி உட்டான்?"

"தெர்ஞ்ச சத்தம்னு உட்டுட்டான் பாய்."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடிருந்தா வீல் இறுகிகினு ஆளத் தூக்கிப் போட்ருக்கும்."

ஞாயிறுதோறும் நீ அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்கு ஓட்டிப்போனது இதே சக்கரத்தில்தான்.

இதுதான் உன் தப்பு. உனக்குக் காது இல்லாமலில்லை. ஊரிலேயே நல்ல காது உன்னுடையது. ஆனால் ஒரு சத்தத்துக்குப் பேர் வைத்துவிட்டால், அதைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்வாய். நீ மட்டுமா? நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான். காற்று திரும்பினால் இது கொடுங்கையூர்க் குப்பைப் புகை, இது ஃபேக்டரி கேஸ், இது அனல்மின் நிலையச் சாம்பல் என்று மூக்காலேயே பிரித்துச் சொல்லிவிட்டு ஜன்னலை மூடிக்கொள்கிறோம். காத்திவாக்கத்தில் இறால் பிடிப்பவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். தெரிந்த நாற்றம், தெரிந்த சாயம், தெரிந்த சத்தம். பேர் வைக்கத் தெரிந்த அளவுக்கு நமக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

இப்போது நீ மெஷின் ரிப்பேர் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டுக்கு வருகிறேன். அங்கே பெட்டி தூக்கும் மெஷினில் தூக்குச் சங்கிலி தாண்டுகிறது என்று நீ சாப்பிடும்போது சொன்னாய். "ஒவ்வொரு தபா ஏறும்போதும் டக்குனு ஒரு எகிறு எகிறுதும்மா" என்றாய். மாற்றச் சொல்லேன் என்றாள் அம்மா. "சொன்னா, காண்ட்ராக்ட் ஆளுக்கு இவ்ளோ வாயானு கேப்பாங்க. எனக்குத் தெர்ஞ்ச சத்தம்தான், பாத்துக்கறேன்" என்றாய். அதற்கும் பேர் வைத்திருப்பாய். அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாம்.

அந்த மதியம் காதடைப்பானைக் கழற்றிவிட்டு, இந்த ஸ்க்ரூடிரைவரை அதன் கம்பத்தில் ஊன்றிக் காதில் வைத்தாய். மேலே பெட்டி. அடைத்த காதோடு எவனாவது சத்தம் கேட்டுப் பழுது கண்டுபிடிக்க முடியுமா? சங்கிலி அறுந்தது.

அம்மா கையெழுத்துப் போடுவதற்காகக் கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. மூன்றாவது வரி: இறந்தவர் காதடைப்பான் அணியவில்லை. ஐந்தாவது வரி: ஹார்ன் அடித்தும் அவருக்குக் கேட்கவில்லை. காதை மூடாததும் உன் தப்பு, காது கேட்காததும் உன் தப்பு. கடைசி வரி: மெஷினில் பழுது இருந்ததாக ஷிஃப்ட் நோட்டில் எந்தப் பதிவும் இல்லை, முழுக் காரணம் இறந்தவரின் கவனக்குறைவே.

தாளோடு நேராக யார்டு ஆபீசுக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி மேஜையில் உன் பேரிங் குண்டுகளைக் கொட்டினேன். அவர் பயந்துபோனார்.

"என்னம்மா இது?"

"எங்கண்ணன் தெர்ஞ்ச சத்தம்னு உட்டது. நீங்க உட்டது எங்க சார்? அந்தச் சங்கிலியக் காட்டுங்க."

"அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சும்மா."

"ஷிஃப்ட் நோட்டு?"

"அது ஆபீஸ் ரெக்கார்டு. வெளியாளுக்குக் காட்ட முடியாது. அம்மாவ கையெழுத்து போடச் சொல்லுங்க, எல்லாருக்கும் நிம்மதி."

எல்லாருக்குமாம். வாசல் வரை கூட வந்தது குமார்தான். அன்று அந்த மெஷினை ஓட்டியவன், உன் தோஸ்து. அவன் கண் இன்னும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை.

"அதுக்கு மொத நாள் ஷிஃப்ட் முட்சிகினு போச்சொல்ல, அண்ணன் நோட்ட இழுத்து வெச்சிகினு குந்திகினு இருந்தாரு ஸ்டெல்லா."

"இன்னா எழுதினான்?"

"நா பாக்கல. பேனா கைல கீது, அத்தப் பாத்தேன். எழுதுனாரா, சும்மா யோசிச்சிகினு இருந்தாரான்னு சத்தியமா தெர்ல."

அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நீ எழுதியிருந்தால், அவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள். நான் கோர்ட் வாசலில் படுத்தாவது அதைக் கொண்டுவருவேன். நீ எழுதவில்லை என்றால், அந்தத் தாளின் கடைசி வரியில் பாதியை அவர்களுக்கு நீயே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு இரண்டையும் நம்ப முடிகிறது. அதுதான் அண்ணா என்னைக் கொல்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பதில் எதுவானாலும் அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டாள். சங்கிலி அறுந்துபோகிற வரைக்கும் அதை மாற்றாமல் ஓட்டவிட்டவனுக்கு, அதைப் பற்றி எவனாவது எழுதிக் கொடுத்தானா என்று கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? உன் பேருக்கு எதிரே "கவனக்குறைவு" என்று இருக்கும்வரை நான் அந்த ஆபீஸ் வாசலை விட மாட்டேன். வண்டிக்குப் புது பேரிங் போட்டாயிற்று. இப்போது சரிவில் எஞ்சினை அணைத்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. டீச்சரையும் அடுத்த வாரம் பிரிக்கப் போகிறேன். இனி நம் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் பேர் கிடையாது.

ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த நோட்டு உன் முன்னால் திறந்திருந்தது. பேனா உன் கையில் இருந்தது. எழுதினாயா, இல்லையா? சொல்லுண்ணா.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா