யானைக்குக் கீழால்

சனி
காலையிலிருந்து தூறல். ஜப்பான் மொழி வகுப்பு. இன்றைய சொல்: குகுரு. ஒன்றுக்குக் கீழால் குனிந்து அந்தப் பக்கம் போவது. ஜப்பான் கோயில்களில் பெரிய புல் வளையம் வைத்து அதற்குள்ளால் போவார்களாம். பீடை கழியுமாம். டீச்சர் அந்தச் சொல்லை வைத்து வசனம் எழுதச் சொன்னா. எல்லோரும் வேலிக்குக் கீழால் நாயை அனுப்பினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. நினைப்பெல்லாம் யானை.

எல்லாம் மனைவி ஜெனியால் வந்தது. புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோன நாளிலிருந்து, துறைமுகத்தில் கப்பல் ஊதினாலே மகள் அனு கட்டிலுக்கு அடியில். ஐந்து வயது. பள்ளிக்கூடமும் போவதில்லை. பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா, கந்தளாய்க்காரி, சொன்னாவாம்: "யானைட வயித்துக்குக் கீழால மூண்டு தரம் கொண்டுபோங்க, பயம் விட்டுப்போகும்." ஜெனி பிடித்துக்கொண்டாள்.

"நாங்கள் வேதக்காரர். பாதர் கேள்விப்பட்டால்?"

"பாதரோ வந்து பிள்ளையை வெளியில எடுக்கப்போறார்? சும்மா இருங்கோப்பா."

ஞாயிறு
பூசை. பால்மா, சவர்க்காரம் வாங்க வேண்டும், மறந்துபோனேன்.

சைவக் கோயில் திருவிழாவுக்கு யானை வந்துவிட்டது. லொறியில் கண்டேன். ஐயோ! சின்ன வயதில் மாமாவின் வயலில் ஒரு யானை காவல்குடிலை மிதித்ததைக் கண்ணால் கண்டவன் நான். ஜெனியிடம் சொன்னதில்லை. சிரிப்பாள். வளர்த்த யானைதானே, பாகன் நிற்பான்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

திங்கள்
அரைநாள் லீவு. நல்ல வெயில். கோயில் வீதியில் யானை. அனு தாயின் தோளில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. எங்களுக்கு முன்னால் இன்னும் சில தாய்மார், பிள்ளைகளோடு. பாகன்: "நடுவால போங்க. நிக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்."

"அப்பா முதல் போகட்டும்" என்றாள் அனு.

போச்சு. ஜெனி என்னைப் பார்த்தாள். குமாரி அக்காவும் பார்த்தா. பெரிய ஆம்பிளைதானே, குனிந்தேன். சாண நாற்றம். தலைக்கு மேல் வயிறு இரைகிற சத்தம். யானை ஒரு காலை மாற்றி வைத்தது. அவ்வளவுதான். காலை எடுக்க ஏலவில்லை. யேசுவே, யேசுவே. "போங்க, போங்க" என்று பாகன் கத்துவது கேட்கிறது. அசைய முடியவில்லை.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அனு. தாயின் தோளிலிருந்து வழுக்கி இறங்கித் தானாக உள்ளே வந்திருக்கிறாள். முகமெல்லாம் கண்ணீர்.

"பயமெண்டா என்னைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, அப்பா."

பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தோம். ஜெனி அழுதுகொண்டே, "போதும், வீட்ட போவம்" என்றாள்.

"இன்னும் ரெண்டு தரம் இருக்கு" என்றாள் அனு. என் கையை விடவில்லை. முன்னால் அவள், பின்னால் நான்.