பதினோரு ஜோடியும் இன்னொன்றும்

மேல்கணவாய்ச் சாவடி
1844 ஏப்ரல் 9

அன்பு மகள் மெரனுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் உடம்புக்குக் குறைவில்லாமலும் இருக்கிறோம், எனக்கு ஒரு கடைவாய்ப்பல் போனது தவிர வேறு நஷ்டமில்லை. அங்கே நீயும் பார்பரா அத்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஏனென்றால் உன் கடிதம் என் கைக்கு வந்தபோது அதற்கு வயது பதினைந்து மாதம். பீப்பாய் செய்யும் ஆர்ச்சி வீட்டில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள், உனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அப்பா வந்து கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போனால்தான் கல்யாணம் என்று நீ நிறுத்திவைத்திருக்கிறாய். வருகிறேன் என்று எழுதி உன்னைக் காக்க வைத்தவன் நான்தான். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மகளே, நான் வரவில்லை. இனி எனக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. இதை எழுதும்போதே இன்னும் ஏழு மாதம் கழித்துத்தான் இது உனக்குத் தெரியும் என்பதும், அந்த ஏழு மாதமும் நீ துறைமுகத்துக்குப் போய்ப் போய்ப் பார்ப்பாய் என்பதும் நெஞ்சை அறுக்கிறது.

விடுப்புக் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம், நீயும் தோல் கம்பெனியைத் திட்டிவிட்டு அழுது ஓய்ந்திருப்பாய். விடுப்புக் கிடைத்தது. மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, போன இலையுதிர் காலத்தில் குதிரைக் கூட்டத்தோடு உத்தரவு வந்தது, எனக்குப் பதிலாகத் தோல் வாங்கும் இந்தச் சாவடியைப் பார்த்துக்கொள்ள டெய்ட் என்கிற ஆளும் வந்தான். குளிர்காலம் முழுக்க என்னோடு இருந்து வேலை பழகவேண்டும், பனி இளகியதும் கீழே போகிற கூட்டத்தோடு நான் கிளம்பவேண்டும் என்று ஏற்பாடு. ஒரே கணப்பு, ஒரே மேஜை, ஆறு மாதம். அவன் கெட்டவன் இல்லை, என் பல்லை வலிக்காமல் பிடுங்கியவன் அவன்தான். ஆனால் ஒரே ஒரு சீழ்க்கைப் பாட்டுத்தான் தெரியும், அதிலும் பாதிதான் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் தை மாதம் வெயில் வருவதே நாலு மணி நேரம், நாலு பக்கமும் மலை, வாசலைத் திறந்தால் காற்று ஆளை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறது. வேட்டைக்காரர்கள் வந்தால் கொஞ்சம் மனித முகம் பார்க்கலாம், மரநாய்த் தோலும் காட்டுப்பூனைத் தோலும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெடிமருந்தும் புகையிலையும் வாங்கிக்கொண்டு, நம் கணப்பருகே மூன்று நாள் தூங்கிவிட்டுப் போவார்கள். இந்த வருடம் அவர்களும் அதிகம் வரவில்லை, தொப்பிக்குப் போகிற பீவர் தோல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உங்கள் பக்கத்துத் துரைமார்கள் தொப்பிக்கு இப்போது பட்டுத்தான் வேண்டும் என்கிறார்களாமே, டெய்ட் சொன்னான். இருபத்திரண்டு குளிர்காலமாக நான் உரித்ததும் உலர்த்தியதும் அமுக்கிக் கட்டியதும் எந்தத் தலைக்கு என்று யோசித்துக்கொண்டே பனி அள்ளினேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியதையும் சொல்லவேண்டும். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். உன் அம்மாவை உனக்குத் தெரியாதா, எழுத்துத் தெரியாதே தவிர என் முகம் தெரியும். "நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீங்க" என்றாள். மை அழிந்திருக்கிறது என்றேன். "மை அழிஞ்சா மூஞ்சி எதுக்கு அழியுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் மீன் கழுவ உட்கார்ந்துவிட்டாள். அது எந்த வரி என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண்ணின் தாய் செத்துப்போய்விட்டாள் என்று அத்தை சொல்லிவைத்திருப்பதாகவும், நீயும் மறுக்கவில்லை என்றும் எழுதியிருந்தாயே, அந்த வரி. உன்னைக் கோபிக்கமாட்டேன். நாங்கள் இந்த மலைக்காரர்கள் வழக்கப்படி அவள் அப்பா முன்னால் புகையிலை மாற்றிக்கொண்டு சேர்ந்தவர்கள், பாதிரியார் எழுதிய காகிதம் இல்லை, அதை அந்த ஊரில் சொல்லிக் கல்யாணம் பேச முடியாது என்று எனக்கும் தெரியும். அம்மாவையும் கூட்டி வரலாமே என்று நீ ஏன் ஒரு தடவைகூட எழுதவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. உத்தரவிலும் படகில் ஒரு ஆளுக்குத்தான் இடம் எழுதியிருந்தது.

இனிமேல் எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம். ஊர் திரும்புகிறவன் தன் வீட்டுக்காரியை அடுத்து வருகிறவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவது இந்த நாட்டு வழக்கம், அவள் பட்டினி கிடக்காமல் வழி செய்துவிட்டானாம், அதற்கு நல்ல பெயர் வேறு. மாசி மாதம் ஒரு பகலில் தோல்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, டெய்ட் தோலை அமுக்குகிற பார மரத்தின் மேல் உட்கார்ந்தபடி, "என்னய்யா ஹார்கஸ், சாவடியோட அந்தம்மாவும் சேர்த்திதானே? தப்பா எடுத்துக்காதே, எனக்கும் அடுப்பு எரியணும்ல" என்றான். அவன் அதைத் தப்பாகவே கேட்கவில்லை, குதிரைச் சேணம் எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். நான் அவனை அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. பார்க்கலாம் என்றேன். மகளே, மூன்று நாள் அப்படியே இருந்தேன். கடலையும் உன்னையும் நம் வீட்டுச் சுவரையும் நினைத்துக்கொண்டு, இவன் குடிக்காதவன், கை ஓங்காதவன், இவனிடம் இருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா இருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து மான்தோல் காலணி தைக்க உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாகத் தைக்கும்போது யாரையாவது வைதுகொண்டே தைப்பாள், இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் வாசல் ஓரம் வரிசையாக வைத்தாள், பதினோரு ஜோடி, எல்லாம் என் அளவு. "பனியில இறங்க ஏழு, பாறையில படகுத்துறை வரைக்கும் நாலு. நடந்து போறதுக்குத்தான் கணக்கு. திரும்பி வர்றதுக்குத் தைக்கல" என்றாள். அழவில்லை, கத்தவில்லை, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் கறுத்திருந்தது. நான் நேரே டெய்டிடம் போய், நான் போகவில்லை, நீதான் போகப்போகிறாய் என்று சொன்னேன். "பைத்தியமாய்யா உனக்கு? இந்தப் பொந்துலேருந்து போறதுக்கு அவனவன் சாகிறான்" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

இதைப் படித்துவிட்டு அப்பா மனநிறைவோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு மனநிறைவு இல்லை. ஒருமுறை வேண்டாம் என்றவனுக்குக் கம்பெனி மறுபடி விடுப்புக் கொடுக்காது, இந்த மலைகளுக்கு நடுவிலேயே என்னைப் புதைப்பார்கள். காலையில் எழுந்து சுவர்போல நிற்கிற அந்த வடக்கு மலையைப் பார்த்தால் சில நாள் மூச்சு முட்டுகிறது, அம்மாமேல் எரிந்து விழுகிறேன், அவளும் விடுவதில்லை, "பொறி வச்சே பிழைச்ச ஆளு, ஒரு பொறியில இருந்து பாக்கட்டும்" என்கிறாள். இரண்டு பேரும் சிரித்துவிடுகிறோம், அப்புறமும் சுவர் அங்கேயேதான் இருக்கிறது. அவளை விட்டுவிட்டு உன் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் நடந்திருந்தால் அந்தக் கை சுத்தமாக இருந்திருக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

டெய்ட் நாளை கிளம்புகிறான். அவன் பூட்ஸ் ஜனவரியிலேயே பிளந்துவிட்டது, அந்தப் பதினோரு ஜோடியையும் அவனுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டாள் அம்மா, பெருவிரல் இடிக்கிறதாம், இடிக்கட்டும். இந்தக் கடிதத்தோடு சின்ன மூட்டை ஒன்றும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் பன்னிரண்டாவது ஜோடி இருக்கிறது, உனக்கு. எட்டு வயதில் உன்னைப் படகேற்றிய அன்று உன் பாதத்தைப் பூர்ச்ச மரப்பட்டையில் வைத்துக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாளே, அதை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் காலையே தோல்மேல் வைத்து அளவு வரைந்தாள். "என் பிள்ளைக்கு என் கால்தான் இருக்கும்" என்றாள். புகை வாசம் போகாது, மற்ற துணியோடு பெட்டியில் வைக்காதே.

நல்ல நாளாகப் பார்த்துச் சீக்கிரம் கல்யாணத்தை முடித்துக்கொள், என் இடத்தில் ஆர்ச்சியின் பெரியப்பா யாராவது கைபிடிக்கட்டும். காற்றில் தலையை மூடிக்கொள், அத்தையிடம் சண்டை போடாதே. கடவுள் உனக்கு நிறைந்த வீட்டையும் நல்ல பிள்ளைகளையும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, காலணி உன் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று எழுது. இதைத் தைத்தது யார் என்று உன் மாப்பிள்ளை கேட்டால் என்ன சொன்னாய் என்பதையும் எழுது. நீ எதை எழுதினாலும், இந்தத் தடவை உன் அம்மாவுக்கு ஒரு வரிகூட விடாமல் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கில்பர்ட் ஹார்கஸ்
பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா ஜோசெட்டும்