ஆடிக்குப் போனவள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட சட்டை ஒன்று கீழ் வீட்டு ஜன்னல் கம்பியில். போய்க் கேட்க வேண்டும். பெருங்களத்தூரில் ஒன்பதாவது மாடி வாங்கினால் இப்படித்தான்.

ஆடிப்பெருக்கு. எதிர் ஃபிளாட் பத்மாக்கா எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கொண்டுவந்தார். ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சர். வாசலில் நின்றபடியே பேச்சு.

"மாய் அவ அம்மா வீட்லதானே இருக்கா? நல்ல பொண்ணுப்பா. வியட்நாம்காரியா இருந்தும் ஆடிக்குப் பிரிஞ்சிருக்கணும்னு புரிஞ்சு போயிருக்கா பாரு. என் மருமக ரெண்டு நாள்கூடப் போகல."

"ஆமாக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? என் மனைவி விசா முடிந்து ஊருக்குப் போனாள் என்றால் நூறு கேள்வி வரும். ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. புதுப்பெண்கள் போகிற மாதம்தானே.

சாதம் நன்றாக இருந்தது. மீதி ராத்திரிக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு தாம்பரம். திருமுடிவாக்கத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் சட்டை முழுக்க வியர்வை. விசா வேலை பார்த்துத் தரும் ஆள், ஜெராக்ஸ் கடைக்கு மேலே.

கோயில் ரசீது, தாலி கட்டின போட்டோ காட்டினேன். பார்த்துவிட்டு, "ஜோடி சூப்பரா கீது சார். ஆனா இத வச்சுகினு ஒண்ணும் பண்ண முடியாது. ஃபாரின் பார்ட்டின்னா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் பண்ணணும். நோட்டீஸ் குடுத்தீங்களா?"

கொடுத்தோம். ஆனியிலேயே. பதிவாளர் ஆபீஸ் சுவரில் ஒரு மாதம் எங்கள் போட்டோ தொங்கியது.

"அப்புறம் இன்னாத்துக்கு சார் சைன் பண்ணல?"

ரசீதை மடித்து உறையில் வைத்தேன். நோட்டீஸ் கெடு முடிந்தபோது ஆடி பிறந்திருந்தது. படப்பையில் இருக்கும் சாந்தி அக்கா ஒரே பிடி: "ஆடியில எவனாவது கல்யாணக் கையெழுத்து போடுவானா? சர்டிபிகேட்ல காலத்துக்கும் அந்த தேதி இருக்கும்டா. ஆவணி முதல் முகூர்த்தத்துல போட்டுக்கோ." சரி என்றுவிட்டேன். விசாவை நீட்டித்துவிடலாம் என்று நினைத்தேன். நீட்டித்துத் தரவில்லை. நோட்டீஸ் கெடு முடிந்ததற்கும் விசா முடிவதற்கும் இடையில் முழுசாக நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் மாய் இந்த ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்து ஒரு நிமிஷம்தானே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அக்கா சொன்னாள் என்று நாற்பது வயதுக்காரன் வெளியே சொல்ல முடியுமா.

விசா ஆள் சொன்ன வழிகள்:
– மாய் மறுபடி டூரிஸ்ட் விசாவில் வருவது, நோட்டீஸ் காலாவதி ஆவதற்குள் கையெழுத்து, பிறகு மனைவிக்கான விசாவுக்கு மாற்ற மனு. 
– நான் அங்கே போய்ப் பதிவு செய்து, அங்கிருந்தே அவளுக்கு விசா கேட்பது. "பேப்பர் ஜாஸ்தி சார், பேஜாரு."
– "ரெண்டும் வேணான்னா வீடியோ கால்தான்." அவரே சிரித்துக்கொண்டார்.

முதல் வழிதான் சுலபம். அவள் அப்ளை செய்ய வேண்டியது, நான் காத்திருக்க வேண்டியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. விடியும் முன்பே அம்மன் கோயில் ஸ்பீக்கர். கூழ் வாங்கப் போனேன். ஊற்றுகிற அண்ணன் என் சின்னத் தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு ஆளுக்குத்தானா? வூட்ல அம்மா ஊருக்குப் போய்க்கீறாங்களா?"

தலையை ஆட்டினேன். இரண்டு கரண்டி கூடவே ஊற்றினார்.

சாயங்காலம் மாயிடம் பேசினேன். அவள் அம்மாவின் நூடுல்ஸ் கடையில் இருந்தாள், பின்னால் ஒரே சத்தம். எங்கள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி அவள் இங்கே கற்றுக்கொண்ட தமிழ்.

"ஆடி எப்போ முடியும்?"
"பதினாறாம் தேதி."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, நீ விசா போடணும். சொன்னேனே."

"சரி" என்று வைத்துவிட்டாள். முன்பெல்லாம் "சாப்ட்டியா" கேட்காமல் வைக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை வரும்போல் இருந்து வரவில்லை. துணி துவைத்தேன். ஃபிரிட்ஜில் அவளுடைய மீன் சாஸ் பாட்டில். இருந்தபோது நாற்றம் என்று சண்டை போட்டேன். இன்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பைத்தியம்.

முதலில் பார்த்தது படப்பை ஷேர் ஆட்டோவில். ஒரகடம் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். சில்லறை இல்லாமல் முழித்தாள், நான் கொடுத்தேன். மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் சில்லறையோடு நின்றாள். வேலை முடிந்து ஊருக்குப் போய், எனக்காகத் திரும்பியும் வந்தாள்.

இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்கு முடியவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்னும் அப்ளை செய்யவில்லையாம். அன்றைக்குப் போட்டோ சரியில்லை என்றாள், இன்றைக்குக் கடையில் கூட்டம் என்கிறாள். லிங்க் அனுப்பி, எதை எங்கே தட்டுவது என்று படம் படமாக அனுப்பியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன செய்ய?

லன்ச்சில் கோபம் வந்து மெசேஜ் போட்டேன். "உனக்கு வர இஷ்டம் இல்லையா?"

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

இன்னும் பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

லிஃப்ட் வாசலில் பத்மாக்கா. "நாளைக்கு ஆவணி. நீ இன்னும் கிளம்பலையா?"

"எங்கக்கா?"

"எங்கேயா? மாயைக் கூட்டிட்டு வரத்தான். அன்னைக்குப் பொட்டி கட்டிட்டு அழுதுட்டு இருந்தா. நான்தான் உக்காத்தி வச்சு இங்கிலீஷ்ல சொன்னேன். இது எங்க வழக்கம்மா, ஆடி முடிஞ்சதும் புருஷனே உங்க வீட்டுக்கு வருவான், உங்க அம்மாகிட்ட கேட்டுக் கூட்டிட்டுப் போவான், பொண்ணு தானா கிளம்பி வரக் கூடாதுன்னு. உடனே கண்ணைத் தொடச்சுக்கிட்டா. போன்லகூட எழுதி வச்சுக்கிட்டாளே. உன்கிட்ட சொல்லலையா?"

லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காற்று நின்றுவிட்டது.

காலையிலேயே சாந்தி அக்கா. "முகூர்த்தம் பாத்துட்டேன்டா. அவ எப்போ வர்றா?"

"அவ வரமாட்டா. நான்தான் போகணும்."

"நீயா? அவ்ளோ தூரமா? எதுக்குடா?"

"நீ சொன்ன ஆடிக்குத்தான்." வைத்துவிட்டேன். அக்காவிடம் இப்படிப் பேசியதே இல்லை.

பீரோவிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்தேன். கல்யாணப் பேப்பருக்குத் தேவைப்படும் என்று வாங்கியது. எல்லாப் பக்கமும் வெள்ளை. அவளுடையதில் நம் ஊர் முத்திரைகள் வரிசையாக இருந்தன.

அப்போதுதான் மாயின் மெசேஜ். ஒரு போட்டோ. அவள் வீட்டு வாசல். அம்மா நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில். பக்கத்தில் அதே நீலப் பெட்டி, கட்டி வைத்தது. அடியில் தமிழ், இங்கிலீஷ் எழுத்தில்: "வர இஷ்டம். நீதான் வரணும்ல? அம்மா கேக்குது."

"வர்றேன். அம்மாகிட்ட சொல்லு" என்று அனுப்பினேன்.

உடனே பதில். "எத்தனை மணிக்கு?"

அவர்கள் நாட்டு விசாவுக்கு நான் இன்னும் அப்ளையே செய்யவில்லை.